கொல்லைக்குப் போன விறகடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வாலா எரிவாயு இணைப்புத் திட்டமும், அதற்கு முன்பே தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புகளும் வந்தபின் விறகடுப்பு ஒழிந்துவிட்டதாகக் கோப்புகளில் எழுதியிருக்கக்கூடும். ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கத்து ஊர்களில் அது சமையலறையை விட்டுக் கொல்லைப்புறச் சார்ப்புக்கும் குளியலறைச் சுவரோரத்துக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வெந்நீர் காய்ச்சுவதும், மாட்டுக்குத் தீனி வேகவைப்பதும், சிலிண்டர் தீர்ந்த நாளில் உலை வைப்பதும் இன்றும் அதில்தான். ஆனால் வாரம் தவறாமல் சாம்பலை வாரி, விரிசல்களில் செம்மண்ணை அப்பி, சாணம் கரைத்து மெழுகி வைத்த பழைய கவனிப்பு அடுப்போடு கொல்லைக்குப் போகவில்லை.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். 1983 முதல் 2002 வரை நடந்த மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தின் காலத்தில், பிற ஊர்களில் பார்த்துவிட்டு வந்த என் தகப்பனார், ஒரு கொத்தனாரை அழைத்துக் கூரைக்கு மேலே தகரக் குழாய் நிற்கும் புகையில்லா அடுப்பொன்றைக் கட்டினார். அந்தக் குழாயை அவ்வப்போது துடைக்க வேண்டும் என்று கட்டியவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, மேலே போக வேண்டிய புகை முழுவதும் அடுப்பு வாய் வழியே திரும்பிவர, அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். அடுப்பை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். குழாயின் மூடிக்கு அடியில் கட்டைவிரல் பருமனுக்குக் கரி படிந்திருந்தது. அதற்கு மேல் ஓர் அணில் தேங்காய் நாரைத் திணித்துக் கூடு கட்டியிருந்தது. மூங்கில் நுனியில் கோணியைச் சுற்றிக் கட்டி மேலிருந்து இறக்கி இறக்கித் துடைத்தபோது கீழே வைத்த முறம் நிறையக் கரி விழுந்தது. அதில் பாதிதான் தூள். மீதி தார் போலப் பளபளத்து, கையில் ஒட்டினால் சீயக்காய்க்கும் அசையாத பிசுக்கு.

அந்தப் பிசுக்கு எரியக்கூடியது என்பதைப் பலர் அறிவதில்லை. கூரைக்குப் பக்கத்தில் அது குழாய்க்குள்ளேயே பற்றிக்கொண்டால், அக்னி நட்சத்திர வெயிலில் காய்ந்து கிடக்கும் தென்னங்கீற்றுக்கு ஒரு பொறி போதும். அது படிவதற்கு முதற்காரணம் ஈர விறகு. பச்சை விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். நெருப்பின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், முழுதும் எரியாத புகை மேலேறிக் குழாயின் குளிர்ந்த பகுதியில் படிகிறது. வேலிகாத்தானோ புளியோ எதுவானாலும், பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக ஆறு மாதம் அடுக்கி வைத்த விறகே அடுப்புக்கு ஏற்றது. காய்ந்த விறகின் வெட்டு முனையில் வெடிப்பு தெரியும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் டங்கென்று ஒலிக்கும். தோல் தொழில் நடக்கும் மாவட்டம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அடுப்பு மூட்டத் தோல் வெட்டுத் துண்டு, ரெக்சின், ரப்பர் சோல் ஆகியவற்றைப் போடுவது தவறு. குரோமியம் ஏற்றிப் பதனிட்ட தோல் எரியும்போது நச்சுத்தன்மை மிக்க குரோமியம் உண்டாகக்கூடும்.

குழாய் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்டால் ஆனதென்றால் அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு.

சாம்பலைப் பற்றி நம்மிடம் அலட்சியம் அதிகம். மேலே தொட்டால் குளிர்ந்திருக்கும் சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரை உயிரோடு கிடக்கும். அதைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வைக்கோல்போரை ஒட்டிய குப்பைமேட்டில் கொட்டுவதை எங்கள் தெருவில் அன்றாடம் பார்க்கிறேன். மூடியுள்ள இரும்புச் சட்டியில் அள்ளி, தண்ணீர் தெளித்து, ஒருநாள் விட்டுக் கொட்டுவதில் என்ன சிரமம்?

குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டுத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது, ஜவ்வாது மலை அடிவாரத்திலும் மலைமேலும் இன்றும் உள்ள பழக்கம். தணலில் புகை தெரியாது. கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தைப் பற்றிக்கொள்வதால், தலைவலியும் மயக்கமும் வந்து தூங்குபவர் எழாமலே போகலாம். கண்ணுக்குத் தெரியும் புகையும் சாதுவானதன்று: 2020ஆம் ஆண்டில் வீட்டுக்குள் சூழும் காற்று மாசினால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்புத் துறையினர் எரியும் சிலிண்டரை ஈரச் சாக்கால் அணைத்துக் காட்டுகிறார்கள், நல்ல காரியம். அதே மேடையில் அடுப்புக் குழாயைத் துடைக்கவும் சாம்பலை ஆற்றவும் கற்றுத்தர வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் வரும் அக்டோபர் 2 கிராம சபையில், ஊருக்கு இரண்டு கொத்தனார்களுக்கும் மகளிர் குழுவினர் சிலருக்கும் இதில் பயிற்சி தரத் தீர்மானம் போடலாம். எங்கள் ஊரில் அப்படி ஏற்பாடு செய்தால், மூங்கிலும் கோணியும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.