ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அப்பாவுக்கு: எட்டு டாப்பெட் தேடிய கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான், உங்கள் மருமகள், பாப்பா மூவரும் இங்கு நலம். உங்கள் நலத்துக்கும், அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதற்கும் பதில் எழுதுங்கள். போனில் நான் வாங்கிய பழைய கார் விஷயத்தை எடுத்தால் பாதி உங்களுக்குக் கேட்பதில்லை. மீதிக்குள் அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டியா, குளுருதா" என்று பேச்சை முடித்துவிடுகிறாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"பகலெல்லாம் பஸ் டிப்போவுல மாரடிச்சுட்டு வீட்டுக்கு வந்தும் இன்ஜினேதானா?" என்று கேட்டீர்கள். டிப்போவில் நான் இன்ஜினைப் பிரிப்பதே இல்லை அப்பா. கம்ப்யூட்டரை மாட்டினால் அது கோளாறு எண்ணைக் காட்டும். அந்தப் பாகத்தை முழுசாகக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவோம். கழற்றியதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. சம்பளத்துக்குக் குறையில்லை, கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நான் வாங்கியிருப்பது எம்.ஜி.பி. ஜி.டி. என்கிற பழைய இங்கிலீஷ் கார், 1973 மாடல். இரண்டு கதவு, நீளமான பானட், நம் ஊர்ப் பள்ளத்தில் இறக்கினால் வயிறு தட்டும் உயரம். புகை தள்ளிக்கொண்டும், சூடானதும் ஆயில் பிரஷர் இறங்கிக்கொண்டும் இருந்ததால் மலிவாக வந்தது. பானட்டைத் திறந்தபோது உங்களைத்தான் நினைத்தேன். உள்ளே இருப்பது நம் அம்பாசடர் இன்ஜினுக்கு அண்ணன். அதே பி சீரிஸ் இன்ஜின் குடும்பம். நம்முடையது 1489 சி.சி., இது 1798. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் இரண்டுக்கும் அதே 88.9 மில்லிமீட்டர்தான், சிலிண்டர் விட்டமான போர் மட்டும் 73-லிருந்து 80.26 ஆகியிருக்கிறது. நம்முடையதில் மெயின் பேரிங் மூன்று, இதில் ஐந்து. கார்புரேட்டர் இரண்டு. மற்றபடி மேனிஃபோல்டுக்குக் கீழே பக்கவாட்டில் டாப்பெட் கவர், புஷ் ராடு, 1-3-4-2 ஃபயரிங் ஆர்டர் எல்லாம் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் சங்கதிகள். வால்வு செட் செய்ய நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒன்பது கணக்கும் அப்படியே பொருந்துகிறது. எட்டாவது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதை வை, ஏழாவது அமுங்கியிருந்தால் இரண்டாவதை வை, கூட்டினால் எப்போதும் ஒன்பது. இங்கே இன்ஜின் ஆறியிருக்கும்போது இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு.

நாங்கள் குடியிருக்கும் பகுதி கௌலி. அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 இங்கேதான் செய்யப்பட்டது. அந்த ஆலைக்குப் பக்கத்தில் பாடி அடித்துக்கொண்டிருந்த ஆலையின் இடத்தில் இப்போது பி.எம்.டபிள்யூ. காரர்கள் மினி செய்கிறார்கள். எம்.ஜி. ஆலை இருந்த அபிங்டன் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அது 1980-இலேயே மூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கௌலி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இன்ஜினைக் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் எத்தனையோ வருடம் செய்துகொண்டிருந்தார்கள், 2014 வரை அம்பாசடர் கார் வந்துகொண்டிருந்தது என்று சொன்னேன். நம்பவில்லை. நம் பட்டறைப் படத்தை போனில் காட்டிய பிறகு, எங்கள் வீட்டு கராஜுக்குள் எட்டிப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் கடந்து போவதில்லை.

இந்த ஊரில் பழைய வண்டிக்கு மரியாதை உண்டு. நாற்பது வயது தாண்டினால் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யாத வண்டி என்றால் வருடாந்தர சோதனையும் கட்டாயமில்லை. நீங்கள் எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோய் வெயிலில் நின்ற நாட்களை நினைத்துக்கொண்டேன்.

கராஜ் ஒற்றைச் செங்கல் சுவர். குளிர் கூட ஸ்வெட்டரில் போய்விடும், ஈரத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து வந்த இன்ஜின் பிளாக்கை ஒரு ராத்திரி எண்ணெய் பூசாமல் வைத்தால் காலையில் சிலிண்டருக்குள் செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும் என்று பெரியவர் முதலிலேயே எச்சரித்துவிட்டார். அதனால் பிளாக்குக்குத் தினமும் எண்ணெய்க் குளியல், மேலே போர்வை. பாப்பா அதற்கு "குட்நைட்" சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போகிறாள்.

சரி, சாமான் விஷயத்துக்கு வருகிறேன். சாமான் கிடைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் போட்டால் மறுநாளோ அதற்கு மறுநாளோ வாசலில் பெட்டி இருக்கும். இந்த வண்டிக்கு முழு பாடியையே புதிதாக வாங்கலாம். பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து மறுபடியும் அடிக்கிறார்கள். ஆனால் இன்ஜினுக்குள் கேமின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளிக் கொடுக்கிற எட்டு நல்ல டாப்பெட் வாங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. புது கேமுக்குப் பழைய டாப்பெட்டை அப்படியே போடக் கூடாது, அதனால் புது செட் ஒன்று வரவழைத்தேன். பளபளவென்று ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் வந்தது. நீங்கள் செய்வது போலவே இரண்டு டாப்பெட்டை அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அடி மிக லேசாகக் குவிந்திருந்தால் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல ஆடும், ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரியும். அந்தக் குவிவு இருந்தால்தான் கேம் தள்ளும்போது டாப்பெட் சுழலும். சுழலாவிட்டால் ஒரே இடத்தில் தேய்த்து கேமையும் தின்றுவிடும். வந்த எட்டில் பாதி கண்ணாடி போலத் தட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றன. அப்புறம் அரத்தை எடுத்து ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். நல்ல இரும்பில் அரம் வழுக்கிக்கொண்டு ஓடும், சத்தமே வேறு. இதில் கடித்து, தூள் கொட்டியது.

திருப்பி அனுப்பினேன். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது இங்கே சட்டம். குறையுள்ள சாமான் என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் அவ்வளவு மரியாதையாக மன்னிப்புக் கேட்டு, வேறு செட் அனுப்பினார். அதுவும் அதே சரக்கு. வேறு கடையில் வாங்கினால் பெட்டி நிறம் மாறியது, உள்ளே இருந்தது மாறவில்லை. பணத்தை உடனே திருப்பித் தருகிறார்கள் அப்பா, நல்ல சாமானைத்தான் தர மாட்டேன் என்கிறார்கள். நம் கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடைக்காரன் நம்மிடம் சண்டை போட்டாலும், "இது டூப்ளிகேட், உங்களுக்கு வேண்டாம்" என்று அவனே எடுத்து ஒதுக்கி வைப்பானே, அந்த ஒரு சொல்லைச் சொல்ல இங்கே ஆளில்லை. பெட்டியை அனுப்புகிறவர் அதைத் திறந்து பார்த்ததே கிடையாது.

காரணம் யோசித்தால் புரியாமல் இல்லை. வண்டிக் கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் டாப்பெட் வார்த்துக் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள், அல்லது வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது யாரோ சின்ன அளவில் வார்க்கிறார்கள். டாப்பெட் அடியில் உருகிய வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்து கடினமாக வேண்டும். அதைச் சரியாகச் செய்யவும் ஒவ்வொன்றாகச் சோதிக்கவும் செலவாகும். வாங்குகிறவர்களோ எந்தக் கடையில் இரண்டு பவுண்டு குறைவு என்றுதான் பார்க்கிறார்கள். பாதி வண்டிகள் வருடத்துக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருபவை, சாமான் மோசம் என்று தெரியவே வருடக்கணக்கு ஆகும். ஆயிலும் சேர்ந்து சதி செய்கிறது. புது வண்டிகளின் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்காக இன்றைய ஆயிலில் துத்தநாகச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். இந்த மாதிரி டாப்பெட்டைக் காப்பாற்றுவதே அதுதான். பழைய வண்டிக்கென்று தனியாக விற்கிற 20-50 ஆயிலைத்தான் வாங்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்ட் கொடுக்கிற ரோட்டாரிலும் இதே கதைதான். புது ரோட்டாரின் நடுவில் பித்தளையைப் பிடித்திருக்கும் ரிவெட், அடியிலிருக்கும் ஷாஃப்டுக்கு ரொம்ப நெருக்கத்தில் வருகிறது. பிளாஸ்டிக்கும் சரியில்லை. சூடேறினால் கரன்ட் பிளக்குக்குப் போகாமல் ஷாஃப்டுக்குத் தாவி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். பெரியவரின் வண்டி இப்படி நின்று நின்று, கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து அதைப் போட்டுக் குடைந்திருக்கிறார். இப்போது ரிவெட் இல்லாத ரோட்டாரைத் தனியாகச் செய்து விற்கிறார்கள், விலை இரண்டு மடங்கு. ரப்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய பெட்ரோல் ஹோஸ் அதில் ஊறி வெடித்துவிடுகிறது. நம் ஊரில் இருபதே வந்துவிட்டது என்கிறீர்கள், உங்கள் ஃபியட்டின் ஹோஸை ஒரு தடவை மடக்கிப் பாருங்கள்.

லேத் வேலைக்கு ஆள் தேடுவது அடுத்த பாடு. கோவை கணபதியில் நம் பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் போர் அடிக்க, கிராங்க் கிரைண்ட் செய்ய, ஸ்லீவ் இறக்க எத்தனை பேர்! இங்கே ஊருக்கு வெளியே ஒரே ஒருவர், எழுபதை நெருங்குகிறவர், தொழில் கற்க உடன் ஒரு பையன்கூட இல்லை. பிளாக்கைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தேன். கூலியை ரூபாய்க்கு மாற்றிச் சொன்னால் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள். ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், வேலை நம் ஊரைவிடச் சுத்தம். ஏற்கெனவே 20 தௌ ஓவர்சைஸ் போட்டிருந்த பிளாக், 40-க்கு அடித்துக் கொடுத்தார். பிஸ்டனைக் கையில் கொடுத்த பிறகுதான் போர் அடிப்பேன், பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாலு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று அளந்து தௌவில் பத்தில் ஒரு பங்கு வரை தாளில் எழுதித் தந்தார். நம் ஆள் கட்டைவிரலை விட்டுத் தடவிப் பார்த்து "ஓகேங்க" என்பாரே! அந்தத் தாளை கராஜ் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால், ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டையும் கடினமானதாக மாற்றிவிட்டார்.

டாப்பெட் கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? பியூலியில். தெற்கே நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் மோட்டார் மியூசியம் இருக்கிற ஊர். அங்கே 1967-லிருந்து பழைய வண்டிச் சாமான் சந்தை நடக்கிறது, இப்போது வருடா வருடம் செப்டம்பரில். பெரியவர்தான் அழைத்துப் போனார். வழியில் குதிரைகள் ரோட்டில் அதுபாட்டுக்கு மேய்கின்றன, கார்கள் காத்திருக்கின்றன. மைதானம் முழுக்க மேசை போட்டு, தார்ப்பாய் விரித்து, விளக்கு, கார்புரேட்டர், துருப்பிடித்த ஸ்பானர், பெயர் தெரியாத பித்தளைச் சாமான் என்று குவித்திருக்கிறார்கள். உங்களை அங்கே விட்டால் மூன்று நாளைக்குச் சோறு தண்ணி கேட்க மாட்டீர்கள்.

ஒரு மேசைக்கு அடியில் மெழுகுத் தாளில் சுற்றிய டாப்பெட்டுகள், கிரீஸ் காய்ந்து தேன் நிறத்தில் ஒட்டியிருந்தது. இரண்டை எடுத்து அடி சேர்த்துப் பிடித்தேன், ஆடியது. சட்டைப் பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்ததும் விற்கிறவர் சிரித்துவிட்டார். "இழுத்துப் பார்" என்றார். வழுக்கியது. ஆனால் இருந்தது ஆறுதான். பேரம் பேசலாமா கூடாதா என்று தயங்கினேன். இங்கே பாதி விலைக்குக் கேட்டால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்கள். கடைசி விலை என்ன என்று மெதுவாகக் கேட்டால் ஒரு ஐந்து பவுண்டு குறைப்பார்கள், அத்தோடு இருவரும் நன்றி சொல்லிக்கொள்ள வேண்டும். மீதி இரண்டுக்கு என் இன்ஜினிலிருந்து கழற்றியதிலேயே நல்லதாகப் பொறுக்கி, அடியைக் குவிவோடு மறுபடி கிரைண்ட் செய்யக் கொடுத்தேன். ஐம்பது வருடம் ஓடிய இரும்பு, புதிதாகப் பெட்டியில் வந்ததைப் போல அரத்துக்கு மசியவில்லை. இனி எந்தப் பழைய சாமானையும் தூக்கிப் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் மருமகள் இந்த வரியைப் படித்துவிட்டு, "மாமாகிட்ட இல்லாம வேற யாருகிட்ட கத்துக்கிட்டீங்களாம்" என்கிறாள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். கேஸ்கெட் செட் வந்த உறையின் பின்னால் "மேட் இன் இந்தியா" என்று சின்னதாகப் போட்டிருந்தது. பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். பிரித்துக் காட்டினேன். தாள் கனமாக, துளைகள் சுத்தமாக, பிசிறில்லாமல் இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

கீழ்ப் பாதி பூட்டியாகிவிட்டது. கிராங்க் ஒரு கையால் சுற்றுகிறது. ஹெட் உட்கார வேண்டும், நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில் 45 முதல் 50 பவுண்டு-அடி வரை டார்க் வைத்து இறுக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு ஐடிலில் விடக் கூடாது. புது கேம் பழகுவதற்காக உடனே நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேலே ஏற்றி இருபது நிமிடம் அப்படியே ஓட விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தத் தெருவில் அப்படிச் செய்தால் அப்புறம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வைத்துக்கொண்டு, முன்கூட்டியே எல்லா வீட்டுக் கதவிலும் சீட்டுப் போடலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு வேலை இருக்கிறது உங்களுக்கு. பட்டறை மேல் தட்டில் பிஸ்கட் டின்னில், பாடி லூக்காஸ் டி.வி.எஸ். பழைய ஸ்டாக் ரோட்டாரும் கண்டன்ஸரும் வைத்திருந்தீர்கள். ரோட்டாரின் உயரத்தையும் உள் துளையையும் வெர்னியரில் அளந்து, படத்தோடு தம்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இதற்குப் பொருந்துமானால், ஜனவரியில் சித்தப்பா மகள் இங்கே வரும்போது நாலைந்து கொடுத்து அனுப்புங்கள். அம்மா கட்டித் தரும் பருப்புப் பொடியோடு சேர்த்து வைக்க வேண்டாம், போன தடவை பொடி முழுக்க கிரீஸ் வாசனை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்