தாத்தாவோட சிவப்பு ரிப்பன் ஃபைலை தமிழ்ல கொண்டு வர உங்க உதவி வேணும்

உறவுகளுக்கு வணக்கம். புதுச்சேரி, காரைக்கால்ல இருந்து வந்து பிரான்ஸ்ல செட்டில் ஆன குடும்பங்களுக்கு நம்ம கமிட்டி எழுதற லெட்டர் இது. பிரான்ஸ் மெடல் வாங்கின நம்ம தாத்தாக்களோட பழைய ஃபைலை படிச்சு, தமிழ்ல ஒரு கண்காட்சியும் புத்தகமும் கொண்டு வரத்தான் உதவி கேக்கறோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், காசு கேக்கும்போது எதுக்குன்னு முழுசா சொல்லிடணும் இல்லையா, பொறுமையா படிங்க.

நம்மள்ல நெறைய பேர் வீட்டு அலமாரில ஒரு சின்ன டப்பா இருக்கும். சொல்தாவா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல சிப்பாயா, இருந்த தாத்தாவோட மெடல், கூட மடிச்சு மடிச்சு கிழிஞ்சுபோன ரெண்டு மூணு பாப்பியே (பேப்பர்). என்ன மெடல்னு கேட்டா "பெரிய விருதுப்பா, லெஜியோன் தொனேர்"னு சொல்வாங்க. சில வீட்டுல அது உண்மையாவே லெஜியோன் தொனேர்தான், சில வீட்டுல அது மெதாய் மிலித்தேர்ங்கற ராணுவ மெடல், இல்ல க்ருவா த கேர்ங்கற போர்ச் சிலுவை. எதுவா இருந்தாலும் பெருமைதான், ஆனா எது எதுன்னு சரியா தெரிஞ்சு வச்சுக்கறது நாம அவங்களுக்கு குடுக்கற மரியாதைன்னு நாங்க நெனக்கிறோம்.

இப்பவே டப்பாவ எடுத்து பாருங்க. ரிப்பன் முழுக்க சிவப்பா, வெள்ளை எனாமல்ல அஞ்சு கை நட்சத்திரமா இருந்தா அது லெஜியோன் தொனேர். மஞ்சள் ரிப்பன்ல ரெண்டு ஓரமும் பச்சையா, வட்டமா இருந்தா மெதாய் மிலித்தேர், 1852ல ஆரம்பிச்சது, சிப்பாய்க்கும், சார்ஜென்ட் மாதிரி சுபாபிசியேக்கும் குடுக்கறது. நீல ரிப்பன்னா 1963ல அதிபர் தெகோல் கொண்டு வந்த ஒர்த்ர் நசியோனால் த்யு மெரித்ங்கற தேசிய சேவை விருது. இன்னொன்னு, நட்சத்திரத்து நடுவுல 1870னு பொறிச்சிருந்தா அது தாத்தா வாங்கின வருஷம்னு எடுத்துக்காதீங்க, அது மூணாவது குடியரசு பொறந்த வருஷம், அந்த காலத்து மெடல் எல்லாத்துலயும் அதுதான் இருக்கும். இத பாத்துட்டு 1870லயே எங்க பாட்டன் சண்டைக்கு போனாருன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிக் குடுத்த வீடுங்க இருக்கு.

லெஜியோன் தொனேர் 1802 மே 19ல நெப்போலியன் ஆரம்பிச்சது. பிரான்ஸ்ல இதுக்கு மேல ஒரு ஆர்டர், அதாவது விருது, கெடையாது. ராணுவத்துக்காரங்களுக்கும் குடுப்பாங்க, வாத்தியார், டாக்டர், விஞ்ஞானின்னு சிவில்ல சேவை பண்ணவங்களுக்கும் குடுப்பாங்க, ரெண்டுக்கும் ஒரே சிவப்பு ரிப்பன், பிறப்பு பாக்கறது இல்ல. செவாலியேல ஆரம்பிச்சு ஆஃபிசியே, கொமாந்தர், கிராந்த் ஆஃபிசியே, கிராந்த் க்ருவான்னு அஞ்சு படி. சாதாரணமா குறைஞ்சது 20 வருஷ சேவை இருக்கணும், தானா போய் எனக்கு குடுங்கன்னு கேக்க முடியாது. காசுக்காக யாரும் வாங்கறதும் இல்ல, ராணுவ வகையில வாங்கின செவாலியேக்கு வருஷத்துக்கு 6.10 யூரோதான், மெடலையே அவங்கவங்க சொந்த காசுல வாங்கிக்கணும்.

சரி, நாம என்ன செய்யப் போறோம்? பிரான்ஸ் அர்ஷீவ் நசியோனால்ல (தேசிய ஆவணக் காப்பகத்துல) லெயோனோர்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு. 1977க்கு முன்னாடி இறந்துபோன லெஜியோன் தொனேர் உறுப்பினர்களோட ஃபைல் அதுல இருக்கு, நெறைய ஃபைலை ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க. ஒரு ஃபைல்ல பிறப்பு பதிவு நகல், எந்த ரெஜிமென்ட்ல எத்தன வருஷம், எந்த போர், எங்க காயம், யார் கையால மெடல் குத்தினாங்கங்கற பத்திரம் வரைக்கும் இருக்கும். பிறந்த ஊர வச்சு தேடலாம், பொந்திஷேரின்னு போட்டா லிஸ்ட் வருது, காரிக்கால்னு போட்டா வருது.

ஆனா லிஸ்ட் வந்ததோட வேலை முடியல, அங்கதான் ஆரம்பிக்குது. அதுல அங்க பொறந்த பிரெஞ்சு அதிகாரிங்க பிள்ளைங்களும் கலந்து இருக்காங்க, நம்ம ஆளுங்களும் இருக்காங்க. பேர வச்சு பிரிக்க முடியாது. 1881 செப்டம்பர் 21 ஆணைக்கு அப்புறம் ரெனோன்சாங் ஆனவங்கள்ல, அதாவது ஊர் வழக்கச் சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்த ஏத்துக்கிட்டவங்கள்ல, நெறைய பேர் பிரெஞ்சு குடும்பப் பேர் எடுத்துக்கிட்டாங்க, அந்த இயக்கத்துக்கு தலைமையா நின்ன பொன்னுத்தம்பி பிள்ளையே லாப்போர்த் ஆனாரு. அப்போ தாத்தாவோட அப்பா பேர், அம்மா பேர், எந்த தெருன்னு பிறப்பு பதிவுல இருக்கற அந்த சாஞ்ச கையெழுத்த ஒவ்வொண்ணா படிச்சாதான் இவர் நம்ம ஆளுன்னு தெரியும். மை மங்கிப்போய், மேல முத்திரை குத்தி, ஒரு பக்கம் படிக்கவே பாதி நாள் போயிடுது, பழகினவங்களுக்கே.

அதனாலதான் காசு. எங்க கணக்கு மொத்தம் 9,000 யூரோ. அதுல 4,000 பழைய பிரெஞ்சு கையெழுத்து படிக்கத் தெரிஞ்ச ரெண்டு மாணவங்களுக்கு சம்பளம், இத ஓசில செய்ய சொல்றது நியாயமே இல்ல. 2,500 தமிழ், பிரெஞ்சு ரெண்டுலயும் 20 கண்காட்சி பானலுக்கு. 2,000 புத்தகம் 500 காப்பி அடிக்க. மிச்சம் 500 ரயில் செலவு, ஏன்னா காலனி நிர்வாகத்து பேப்பர் எக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ்ல இருக்கு, ராணுவ சர்வீஸ் பேப்பர் வான்சென்ல இருக்கு, நேர்ல போயே ஆகணும். கமிட்டில யாருக்கும் ஒரு சான்தீம் சம்பளம் கெடையாது, ரசீது எல்லாம் வருஷக் கூட்டத்துல மேஜை மேல இருக்கும், யார் வேணா பாக்கலாம்.

பெரிய காரியத்துக்கு சேர்ந்து காசு போடறது இந்த ஆர்டருக்கே புதுசு இல்ல. 1871 மே மாசம், அரசாங்கத்த எதிர்த்து நடந்த பாரிஸ் கொம்யூன் கலவரத்துல, லெஜியோன் தொனேர் மாளிகை எரிஞ்சு போச்சு, உள்ள இருந்த ஃபைல்களும் போச்சு. அப்போ கிராந்த் ஷான்சலியேவா, அதாவது இந்த ஆர்டரோட நிர்வாகத் தலைவரா, இருந்த ஜெனரல் வினுவா, உறுப்பினர்ங்களையும் மெதாய் மிலித்தேர் வாங்கினவங்களையும் பாத்து கேட்டாரு, அவங்க போட்ட காசுலதான் அந்த மாளிகை திரும்ப நின்னுச்சு. எரிஞ்ச ஃபைலுக்கு பதிலா பழைய உறுப்பினர்ங்க தங்க கிட்ட இருந்த நகல அனுப்பி புது ஃபைல் உண்டாக்கினாங்க. இன்னிக்கு ஓர்சே மியூசியம் எதிர்ல அந்த மாளிகையோட மியூசியத்த காசில்லாம பாக்கலாம், பிள்ளைங்கள ஒரு தடவை கூட்டிட்டு போங்க.

நம்ம பேப்பரை எந்த நெருப்பும் எரிக்கல, ஆனா வீடு மாறும்போது, பெரியவங்க தவறும்போது, சொத்து பிரிக்கும்போது அது குப்பைக்கு போகுது. இத எழுதும்போது மனசு கஷ்டமா இருக்கு. புதுச்சேரி பீச்ல 1938ல தெறந்த அந்த போர் நினைவுச் சின்னத்த நாம எல்லாரும் தாண்டி நடந்திருக்கோம், முதல் உலகப் போர்ல பிரான்சுக்காக சண்டை போட்டு செத்தவங்களுக்காக கட்டினது. செத்தவங்களுக்கு கல்லாவது இருக்கு. உயிரோட திரும்பி, மெடல் வாங்கி, ஊர்ல பான்சியோன் (பென்ஷன்) வாங்கிட்டு அமைதியா வாழ்ந்து போனவங்கள பத்தி பேரப்பிள்ளைங்க தமிழ்ல படிக்க ஒரு பக்கம் கூட கைல இல்ல.

10 யூரோ குடுத்தாலும் சந்தோஷமா வாங்கிப்போம். நம்ம சங்கம் பிரான்ஸோட 1901 சங்கச் சட்டப்படி பதிவானது, ரெஸ்யூ ஃபிஸ்கால் (வரிச்சலுகைக்கான ரசீது) குடுப்போம், இங்க வருமான வரி கட்டறவங்களுக்கு 66% வரியில கழியும், அதாவது 50 யூரோ குடுத்தா 33 யூரோ திரும்பிடும், உங்க கைல இருந்து போறது 17தான். செக், விர்மான் (பேங்க் டிரான்ஸ்ஃபர்) ரெண்டும் ஓகே, விவரம் நம்ம வாட்ஸப் குரூப்ல பின் பண்ணி வச்சிருக்கோம். ரொக்கமா குடுக்கறவங்க பொருளாளர் அக்கா கைல மட்டும் குடுங்க, உடனே ரசீது வாங்கிக்கோங்க.

ஊர்ல இருக்கற சொந்தக்காரங்ககிட்ட காசு கேக்க வேண்டாம், அவங்ககிட்ட இருந்து எங்களுக்கு போட்டோதான் வேணும். மெடலோட முன்பக்கம், பின்பக்கம், கூட இருக்கற பாப்பியே ஒவ்வொரு பக்கமும், வெளிச்சத்துல வச்சு, ஃபிளாஷ் போடாம. ஒரிஜினல யாருக்கும், எங்களுக்குக் கூட, தபால்ல அனுப்பாதீங்க. மெடல தேய்ச்சு பாலிஷ் போடவும் வேண்டாம், எனாமல் உதிர்ந்துடும். இலங்கைல இருந்து வந்த நம்ம தமிழ் பிள்ளைங்க ரெண்டு பேர் டைப்பிங்குக்கு வர்றேன்னு சொல்லிருக்காங்க, ரொம்ப நன்றி, இன்னும் யாராவது வந்தாலும் வேலை இருக்கு.

முதல் உலகப் போர் முடிஞ்ச நாளான நவம்பர் 11 அன்னிக்கு கண்காட்சி வைக்க ஆசைப்படறோம், அதுக்கு பானல் அச்சுக்கு போக ரெண்டு மாசம் முன்னாடியே எல்லாம் ரெடியாகணும், அதனால காசும் போட்டோவும் ஆகஸ்ட் 31க்குள்ள வந்துட்டா பெரிய உதவியா இருக்கும். லெயோனோர்ல தேட தெரியலன்னா தாத்தாவோட பேர், பொறந்த ஊர், தெரிஞ்சா வருஷம், இது மூணையும் அனுப்புங்க, நாங்க தேடி கெடச்சத உங்களுக்கே மொதல்ல அனுப்பறோம், நீங்க சரின்னு சொன்னாதான் பானல்ல வரும்.