வேதத்தில் ராசிக்கட்டம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் ஆன்மிகப் பக்கத்தில், ஜாதகம் பார்ப்பது நான்கு வேதங்களிலும் சொல்லப்பட்டது, அதைச் சந்தேகிப்பது வேதத்தையே சந்தேகிப்பது என்ற பொருளில் ஒரு பத்தி வந்திருந்தது. கோயில் பிரசங்கங்களிலும் இதை அடிக்கடி கேட்கிறோம். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வேதத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அது உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்கத்தானே வேண்டும்?

வேதத்துக்குத் துணையான சாஸ்திரங்களாகிய வேதாங்கம் ஆறில் ஜோதிடம் ஒன்று, சரி. லகதர் பெயரில் வழங்கும் அந்த வேதாங்க ஜோதிடம் மிகச் சிறிய நூல். ரிக் வேதத்தைச் சேர்ந்த பாடத்தில் 36 சுலோகங்கள், யஜுர் வேதப் பாடத்தில் இன்னும் சில. ஐந்து ஆண்டு ஒரு யுகம், அதற்கு 1830 நாள், 62 சந்திர மாதம், பௌர்ணமியும் அமாவாசையும் எந்த நட்சத்திரத்தில் வரும், பகல் எப்போது நீளும் என்று கணக்காகவே போகும். இதெல்லாம் எதற்கு என்பதையும் நூலே சொல்லிவிடுகிறது: வேதம் யாகத்துக்காக, யாகம் உரிய காலத்தில் நடக்க வேண்டும், ஆகவே காலக் கணக்கை அறிந்தவனே யாகத்தை அறிந்தவன். மேஷம், ரிஷபம் என்ற பன்னிரண்டு ராசிகள் அதில் கிடையாது. பிறந்த நேரத்தை வைத்து ஒருவருக்குப் பலன் சொல்லும் பேச்சும் இல்லை.

நல்ல நாள் பார்க்கும் வழக்கம் வேதத்தில் இல்லவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தின் திருமணப் பாடலில் மணமகளை அழைத்துப் போகும் நட்சத்திரம் சொல்லப்படுகிறது. அதர்வ வேதத்தில் 28 நட்சத்திரங்களை வரிசையாக அழைத்து நலம் வேண்டும் பாடல் உண்டு. ராசிக்கட்டம் மட்டும் பின்னால் வந்தது, அதுவும் யவனரிடமிருந்து, அதாவது கிரேக்கரிடமிருந்து. யவன ஜாதகம் என்ற பெயரிலேயே ஒரு சமஸ்கிருத நூல் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டு ஜோதிட அறிஞர் வராகமிகிரரோ, யவனர்கள் மிலேச்சர்களானாலும் (அந்நியர்களானாலும்) இந்தச் சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள், ரிஷிகளைப் போல மதிக்கப்படுகிறவர்கள் என்று தம் பிருகத் சம்ஹிதையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு ஏனோ! (நம் சம்பந்தரைக் கேட்டால், ஒன்பது கோளும் அடியார்க்கு 'நல்ல நல்ல' என்று பாடி முடித்துவிடுவார். அது வேறு விஷயம்.)

என் குறையே வேறு. வேதாங்க ஜோதிடத்தின் உயிர் காலக் கணக்கு. அதைத்தான் நாம் இங்கே மலேசியாவில் காற்றில் விட்டிருக்கிறோம். நம் நாள்காட்டிகளைப் புரட்டுங்கள். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று இருக்கும். பகலை எட்டாகப் பிரித்து இரண்டாம் பங்கைத் திங்களுக்குக் கொடுத்த கணக்கு அது. சூரியன் காலை 6 மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டது. கோலாலம்பூரில் எந்த மாதம் 6 மணிக்குச் சூரியன் வந்தது? ஏறத்தாழ 6.55 முதல் 7.25 வரைதான் இங்கே உதயம். 7.10 உதயம் என்றால் ராகு காலம் 8.40க்குத் தொடங்கி 10.10 வரை போகும். அச்சிட்டதை நம்பி 9.05க்குப் புதுக் கடை திறப்பவர் ராகு காலத்தின் நடுவிலேயே ரிப்பன் வெட்டுகிறார்!

ஜாதகத்திலும் இதே கதை. என் மைத்துனர் 1968இல் ஈப்போவில் பிறந்தவர். அவர் பிறந்த நேரத்தைத் தாத்தா பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அதே நேரத்தைக் கொடுத்து இரண்டு இடத்தில் ஜாதகம் எடுத்தோம். ஒரு தாளில் கடக லக்னம், இன்னொன்றில் சிம்மம். காரணம், நம் தீபகற்பத்தில் 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன் நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம்தான் முந்தியிருந்தது. ஒரு ஜோதிடர் இதைக் கவனித்து ஏழரை என்று கொடுத்திருந்தார். மற்றவர் கணினியில் எட்டு என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டார். அவரிடம் போய்ச் சொன்னால், 'வேத காலத்துச் சாஸ்திரம் தப்பாது' என்று பதில் வருகிறது. சாஸ்திரம் தப்பவில்லை ஐயா, நீங்கள் தட்டிய எண்தான் தப்பு.

அப்புறம் சனிப்பெயர்ச்சி. பஞ்சாங்கக் கணக்கில் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு முறை உண்டு; தேதியும் இரண்டாகிறது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. நம் ஊரில் ஒரு சிலர் இதற்கும் ஒன்று அதற்கும் ஒன்றாகப் பரிகாரக் கட்டணம் கட்டி வந்ததைப் பார்த்தேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தினப்பலன் பகுதியில் இனிமேல் கோலாலம்பூர் சூரிய உதய நேரத்தைப் போட்டு, ராகு காலத்தையும் எமகண்டத்தையும் அதைக் கொண்டு கணித்து வெளியிடுங்கள். பினாங்கு வாசகர்கள் ஐந்தாறு நிமிடம் கூட்டிக்கொள்ளட்டும். திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தைத் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்தால் இரண்டரை மணி நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். எடுத்தது வாக்கியமா திருக்கணிதமா என்று மேலே ஒரு வரியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்