சம்பை வெட்டினால் போதாது, கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீர்த்தேக்கக் கரையில் பெக்கோ இறக்கி, சேற்றில் உயரமாக வளரும் சம்புப் புல்லை வழித்தெடுக்கும் படம் ஒன்றை உங்கள் பத்திரிகையில் பார்த்தேன். துப்புரவு வேலை நல்லபடியாக முடிந்தது என்று செய்தியில் இருந்தது. முடிந்ததா இல்லையா என்பது அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். அப்படிப் போய்ப் பார்க்கிறவர் யாருமில்லை என்பதுதான் என் குறை.

சம்பில் நம் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். சேற்றுக்குள் அதன் கிழங்குத் தண்டு பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பெக்கோவின் வாளி அதைத் துண்டு துண்டாக்குகிறது. கணு உள்ள துண்டு எங்கே விழுந்தாலும் முளைக்கும். இயந்திரத்தின் சங்கிலியில் ஒட்டிய சேற்றோடு அது அடுத்த ஓடைக்கும் போய்ச் சேரும். கழுவிவிட்டுக் கொண்டுபோங்கள் என்று சொன்னால் சாரதிகள் சிரிக்கிறார்கள். சிலர் தீ வைக்கிறார்கள். மேலே தாள் கருகும், கீழே கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, மழை விழுந்ததும் புதுத் தளிர் வந்துவிடும். அப்புறம் விதை இருக்கிறது. அந்தப் பழுப்புக் கதிர் ஒன்றிலேயே இலட்சக்கணக்கான விதைகள் பஞ்சோடு பறக்கக் காத்திருக்கும்.

அதற்காக சம்பை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆகாயத்தாமரை வெளியிலிருந்து வந்தது. அதைக் கட்டுப்படுத்த 1909 இலேயே இங்கே தனிச் சட்டம் போட்டார்கள். சம்பும் நாணலும் அப்படியல்ல, இந்த நாட்டிலேயே இருந்தவை. ஓடை வாயில் ஒரு பட்டையாக நின்றால் மலையிலிருந்து வரும் மண்ணையும் உரத்தையும் கொஞ்சம் தடுத்து வைக்கும், பறவைகளுக்கும் ஒதுங்க இடம். அதே பட்டை ஓடை வாயையே அடைத்து, மழை நாளில் தண்ணீரைக் கீழ் லயத்துப் பக்கம் திருப்பும்போதுதான் தொல்லை. எது அளவு, எது மிஞ்சிப்போனது என்று சொல்ல, போன வருடம் எங்கே நின்றது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும்.

சம்பு பரவுவதற்குக் காரணத்தை மேலே மலையில்தான் தேட வேண்டும். பொல்கொல்லை நீர்த்தேக்கம் 1976 இல் திறந்து பன்னிரண்டு வருடத்தில் கொள்ளளவில் ஏறக்குறைய 44 வீதத்தை மண்ணுக்குப் பறிகொடுத்தது. சரிவில் வரம்பு கட்டாத மரக்கறித் தோட்டங்கள், தேயிலை பட்டுப்போய் வெறும் மண் தெரியும் மலைகள், ஒழுங்காக மழைநீர் வடியக் கான் வெட்டாத இடங்கள், எல்லாவற்றின் மண்ணும் உரமும் கீழேதான் இறங்குகின்றன. ஆழம் குறைந்த, உரம் ஏறிய சேறு கிடைத்தால் சம்புக்கு வேறென்ன வேண்டும்? மேலே கான் வெட்டாமல் கீழே சம்பு வெட்டினால் வருடா வருடம் கொந்தராத்துக்காரருக்கு வேலை நிச்சயம்.

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி இதே மாதிரி ஒரு தலைவலி உண்டு. அங்கே உள்ளூர் நாணலும் இருக்கிறது, ஐரோப்பாவிலிருந்து வந்த நாணலும் இருக்கிறது. கரையை விழுங்குவது வந்த வகை. 2017 முதல் அங்கே ஒரு திட்டம் நடக்கிறது. நிலத்துக்குப் பொறுப்பானவர்கள் தங்கள் நாணல் திட்டை ஒரே முறையில் வருடந்தோறும் பார்த்து, அதற்கு என்ன செய்தோம் என்பதையும் சேர்த்துப் பதிகிறார்கள். எல்லோருடைய பதிவையும் வைத்து, அடுத்து என்ன செய்யலாம் என்று அவரவருக்கு ஆலோசனை போகிறது. இந்தப் பழக்கத்தை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் அடிக்கும் களைகொல்லியை அவர்களிடமே விட்டுவிடுவோம். நம் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் களனி கங்கைக்குப் போகிறது, அம்பத்தளையில் அதை எடுத்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015 இல் தடை செய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்த கதையை நாம் பார்த்தாகிவிட்டது. அதைத் தண்ணீருக்குள்ளும் கொண்டுபோக வேண்டாம்.

மருந்தில்லாத வழி ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சம்பின் தாள் வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குக் காற்றுப் போகிறது, காய்ந்த தாள் வழியாகவும் போகும். தாளைச் சேற்றோடு ஒட்ட அறுத்து, வெட்டிய முனைக்கு மேல் சில வாரம் தண்ணீர் நிற்கச் செய்தால் கிழங்கு மூச்சுத் திணறி அழுகும். வருட ஆரம்பத்து வறட்சியில் நம் நீர்த்தேக்கங்கள் இறங்குகின்றன. மவுசாக்கலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் அப்போதுதானே வெளியே தெரிகிறது? அந்த நேரம் கரைச் சேற்றில் இறங்கி அறுத்து வைத்தால், தென்மேற்குப் பருவமழையில் நீர் ஏறி மிச்ச வேலையைச் செய்யும். வெறும் சேற்றில் புதிதாக முளைத்த நாற்றையும் அப்போதே கையால் பிடுங்கலாம். நாள் குறிப்பது சிரமமில்லை, மின்சார சபை தினமும் நீர்மட்டத்தைப் பதிகிறது. மழை பிந்தினால் தாள் மறுபடி தளிர்க்கும், அப்போது இரண்டாம் தடவை அறுக்க வேண்டிவரும். இதைச் சொல்லாமல் சிரமதானத்துக்கு ஆள் கூப்பிட்டால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

யார் செய்வது என்று கேட்டால்தான் வேடிக்கை. நீர்த்தேக்கம் மின்சார சபையுடையது, மேலே மலை 1992 முதல் தோட்டக் கம்பெனியின் கையில், கீழ்ப் பாதை பிரதேச சபையுடையது. சம்பு மட்டும் எல்லை பார்க்காமல் மூன்றிலும் நிற்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

பெரிய செலவு தேவையில்லை. கரையில் சில கற்களுக்கு வெள்ளை அடித்து இலக்கமிட்டு, வருடத்தில் இரண்டு முறை அதே கல்லில் நின்று, அதே பக்கம் பார்த்துத் தொலைபேசியில் படம் எடுத்தால் போதும். பாடசாலைகளின் சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள் ஆசிரியர் துணையோடு இதை நன்றாகவே செய்வார்கள். பிள்ளைகளைச் சேற்றில் மட்டும் இறக்க வேண்டாம், அறுப்பது பெரியவர்கள் வேலை. அறுத்ததைக் கரைக்கு மேலே கொண்டுபோய்க் குவிக்க வேண்டும், தண்ணீரில் விட்டால் அழுகித் திரும்ப உரமாகும். கதிர் வருமுன் அறுத்தால் மரக்கறிக்காரர்கள் கூட்டெருவுக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

படங்களையும், எங்கே எப்போது அறுத்தோம் என்ற குறிப்பையும் ஒரே இடத்தில் வைத்திருக்கப் பிரதேச செயலகத்தில் ஒரு உத்தியோகத்தரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அவர் மாற்றலாகிப் போகும்போது அந்தக் கொப்பி மேசையிலேயே இருக்க வேண்டும். வரும் ஜனவரிக்குள் இதைச் செய்தால் அடுத்த வறட்சிக்கே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
டிக்கோயா.