உங்கள் கையாலேயே கோழி அறுக்க முடியுமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கறி வாங்க வரும்போது உங்களில் பலர் கேட்கிறீர்கள்: "இதை நாங்களே அறுத்துச் சுத்தம் செய்துகொள்ள முடியாதா?" கடையில் கூட்டம் நிற்கும்போது ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை இது. அதனால் எழுதுகிறோம்.

கோழி என்றால், முடியும். ஆடு என்றால், பழகியவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். கை நடுங்கிவிடுமோ, மனசு வராதோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் காரியம் கெடுவது பெரும்பாலும் அங்கே இல்லை. மழுங்கின கத்தி, சூடு தப்பின வெந்நீர், காலியாகாத தீனிப்பை, ஆறாத கறி, இவற்றில்தான் கெடுகிறது.

முதலில் கோழியைத் தேர்ந்தெடுப்பது. கண் தெளிவாக, கொண்டை நல்ல சிவப்பாக, மூக்கில் ஒழுக்கு இல்லாமல், நடையில் தள்ளாட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். "எப்படியும் சாகப்போகிறது, வீணாக்காமல் அறுத்துவிடலாம்" என்று நோய்க்கோழியில் கை வைக்காதீர்கள். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலாக மனிதர்களைத் தொற்றியபோது 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பல நாடுகளில் தொற்று வந்தவர்களில் கணிசமானோர் நோய்ப்பட்ட கோழியை அறுத்தவர்கள், இறகு பிடுங்கியவர்கள். வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது உண்மை. அறுக்கிறவருக்கு ஆபத்து வருவது அடுப்புக்குப் போகும் முன்பே. கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால், கடைசி வேளைக்குப் பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று மருந்துச் சீட்டில் போட்டிருக்கும். அதைக் கட்டாயம் பாருங்கள்.

அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். தீனி நிறுத்தாவிட்டால் குடல் நிறைந்திருந்து, கையை விட்டதும் கிழியும். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டாலும் அதே கதிதான்: குடல் சுவர் நைந்து, பித்தம் கசிந்து, லேசாக இழுத்தாலே அறுந்துவிடும். இரவு தீனியை நிறுத்திவிட்டுக் காலையில் அறுப்பதுதான் வசதி.

எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே கோழியைப் பிடிக்க வேண்டும். 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கத்தி ஒன்று வேண்டும். தொங்கும் காகிதத்தை அழுத்தாமலே சீவ வேண்டும் அது. குடல் எடுக்க வேறொரு கத்தி. கோழியைத் தலைகீழாக நிறுத்தி வைக்கத் தகரக் கூம்பு, அல்லது அடி வெட்டிய பிளாஸ்டிக் கேன். இரத்தத்துக்கு ஒரு வாளி. 15 லிட்டர் பிடிக்கிற பாத்திரத்தில் வெந்நீர், ஒரு தெர்மாமீட்டர். குளிரவைக்க இன்னொரு பாத்திரமும், கோழிக்கு இரண்டு மூன்று கிலோ என்ற கணக்கில் பனிக்கட்டியும். பனிக்கட்டியை மறப்பவர்கள்தான் அதிகம்.

விடியுமுன் இருட்டாக இருக்கையில் கோழியைத் தூக்கினால் திமிறாது. இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். கோழிக்கு நம்மைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை (உதரவிதானம்) கிடையாது, தலைகீழானால் வயிற்று உறுப்புகள் மூச்சை அமுக்கும். கூம்பில் இருக்கும் நேரத்தையும் இதனால்தான் சுருக்கமாக வைக்கிறோம். துரத்திப் பிடித்த கோழியின் கறியில் இரத்தக்கட்டு தெரியும்.

கூம்புக்குள் தலை கீழே வெளிவர இறக்குங்கள். இடது கையால் தலையைப் பிடித்து லேசாகக் கீழே இழுத்தால் கழுத்துத் தோல் விறைக்கும். தாடைக்குக் கீழே, காது மடலுக்குச் சற்றுப் பின்னால் இறகை ஒதுக்குங்கள். மூச்சுக்குழலுக்கு இரண்டு பக்கமும் பெரிய இரத்தக்குழாய்கள் போகின்றன. இரண்டும் வெட்டுப்பட வேண்டும். கத்தியை அழுத்தி ஒரே இழுப்பு. ரம்பம் போல முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. இறகின் மேல் வெட்டினால் கத்தி வழுக்கும். சரியாக வெட்டினால் இரத்தம் கோடு போலப் பாயும். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாய் படவில்லை என்று பொருள். யோசிக்காமல் அந்த நொடியே திரும்ப ஆழமாக வெட்டுங்கள். பாவம் என்று கையைத் தளர்த்தும் அரைகுறை வெட்டுதான் கோழிக்கு மிகப் பெரிய வேதனை. ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் நினைவு போக நெடுநேரம் ஆகும்.

பல நாடுகளில் அறுப்பதற்கு முன் கோழியை மயக்க வேண்டும் என்று இறைச்சிக்கூடங்களுக்குச் சட்டமே இருக்கிறது. மின்சாரத்தாலோ வாயுவாலோ அதைச் செய்கிறார்கள். வீட்டுக் கருவிகளால் மின்சாரத்தை முயலவே வேண்டாம். கழுத்தைக் கையால் திருகி எலும்பை விலக்குவதும் ஒரு முறைதான், ஆனால் 3 கிலோவுக்கு மேற்பட்ட பறவைக்கு அதைச் செய்யக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதி வரம்பு வைத்திருக்கிறது. பெரிய கோழியின் கழுத்து கைக்கு அடங்காது என்பதே காரணம். பழகாதவருக்குக் கூம்பும் கூரான கத்தியும்தான் நம்பகமானவை என்பது எங்கள் கருத்து.

வெட்டிய பிறகு கோழி படபடவென்று அடித்துக்கொள்ளும். நினைவு போன பின்னும் தண்டுவடத்தின் தூண்டலால் தசைகள் துடிக்கும். அதைப் பார்த்துப் பயந்து கையை எடுத்துவிடாதீர்கள். கூம்பு இருந்தால் இறக்கை ஒடியாது. இரண்டு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். பிறகு விரல் நுனியால் கண்ணின் கருவிழியைத் தொடுங்கள்: இமை அசையக் கூடாது, மூச்சு இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் பார்க்காமல் வெந்நீரில் முக்காதீர்கள். வாளி நிறைய இரத்தம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2 கிலோ கோழியின் உடம்பில் இருப்பதே சுமார் 150 மில்லி, அதில் பாதிதான் வெளியே வரும்.

அடுத்தது வெந்நீர். எங்களுக்கு வரும் புகார்களில் பாதி இங்கேதான். 60 முதல் 62 டிகிரி செல்சியஸ், 45 முதல் 60 நொடி. கொதிக்கிற நீரில் முக்கினால் தோல் வெந்து, இறகோடு சேர்ந்து கிழியும், நெஞ்சுக்கறி வெளுக்கும். 55க்குக் கீழே என்றால் இந்த நேரத்துக்குள் இறகு சரியாக வராது, பிடுங்கப் பிடுங்க நுனி ஒடிந்து அடி தோலிலேயே தங்கும். தெர்மாமீட்டர் இல்லையா? கொதிநீரும் 25 டிகிரி அளவுள்ள சாதாரண நீரும் சரிக்குச் சரி கலந்தால் 62 டிகிரி பக்கத்தில் நிற்கும். பாத்திரம் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். காலைப் பிடித்து முழுதாக முக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள், இறகுக்கு அடியில் தண்ணீர் போக வேண்டும். இறகில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் நன்றாக நனையும். வால் இறகு ஒன்றைப் பிடித்து இழுங்கள். சுலபமாக வந்தால் வெளியே எடுத்துவிடலாம். ஒவ்வொரு கோழிக்கும் நீர் ஒன்றிரண்டு டிகிரி ஆறும் என்பதையும் கவனியுங்கள்.

சூடு ஆறுவதற்குள் இறகைப் பிடுங்குங்கள். இறக்கை, வால் முதலில், அவை இறுகிக்கொண்டால் பிறகு குறடு தேட வேண்டியிருக்கும். நெஞ்சுப் பக்கத்தில் தோல் மெல்லியது, அங்கே கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மிஞ்சும் பூமுடியைத் தீயில் வாட்டினால் போதும். தோல் இல்லாமல் சமைப்பவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம்: தோலை இறகோடு உரித்துவிடலாம், வெந்நீரும் மிச்சம்.

இனி கத்தியை மாற்றுங்கள். கால்களை மூட்டில் வளைத்து, எலும்பில் படாமல் இணைப்பில் வெட்டுங்கள். வாலுக்கு மேலே மஞ்சளாக ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும், அதைத் தோண்டி எடுக்காவிட்டால் கறியில் ஒரு வாடை வரும். கழுத்தின் பின்புறத் தோலைக் கீறி, முன்பக்கம் நெஞ்சோடு ஒட்டியிருக்கும் தீனிப்பையை விரலால் தளர்த்துங்கள். உணவுக்குழல், மூச்சுக்குழல் இரண்டையும் பிரித்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் பின்னாலிருந்து குடலை இழுக்கும்போது ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். பலம் கொண்டு இழுத்தால் பை கிழியும்.

கோழியை மல்லாக்கப் போடுங்கள். நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவே தோலை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் கீறி, விரலை உள்ளே விட்டுத் தோலைக் குடலிலிருந்து மேலே தூக்கிக்கொண்டு துளையைப் பெரிதாக்குங்கள். கத்தி முனை எப்போதும் மேலே பார்க்கட்டும். ஆசனவாயைச் சுற்றி வட்டமாக வெட்டி விடுவியுங்கள். பிறகு நெஞ்செலும்பின் உட்புறத்தை ஒட்டியே கையைக் கடைசி வரை கொண்டுபோங்கள். உருண்டையாக, கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அது கற்குடல். அதைக் கைக்குள் அடக்கி நிதானமாக இழுத்தால் கல்லீரல், குடல் எல்லாம் ஒரே கொத்தாக வரும்.

ஈரலோடு ஒட்டிய கரும்பச்சைப் பை பித்தப்பை. அதைத் தொடாமல், கொஞ்சம் ஈரலையும் சேர்த்தே வெட்டி எறியுங்கள். உடைந்துவிட்டால் அப்போதே குளிர்ந்த நீரில் அலசி, பச்சை பட்ட இடத்தை வெட்டி எடுங்கள். காத்திருந்தால் கசப்பு கறிக்குள் இறங்கிவிடும். விலா எலும்புகளுக்கு இடையே பஞ்சு போல இளஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும் நுரையீரலை விரலால் சுரண்டுங்கள். கற்குடலைப் பிளந்து மணலைக் கழுவி, உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை உரியுங்கள். குடல் உடைந்தால் முழுக் கோழியையும் வாளியில் போட்டு அலசாதீர்கள், அழுக்கு எல்லா இடத்துக்கும் பரவும். பட்ட இடத்தை வெட்டி எறிந்து, கத்தியையும் கையையும் கழுவிவிட்டுத் தொடருங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றில் மஞ்சள் நீர் என்றால் அந்தக் கோழி மொத்தமும் வேண்டாம்.

எல்லாம் முடிந்தால் 2 கிலோ உயிர்க்கோழியில் 1.4 கிலோ அளவுக்கு மிஞ்சும். உயிரோடு இருக்கையில் கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். கிருமி பெருக மிகத் தோதான சூடு. 4 மணி நேரத்துக்குள் கறியின் நடுப்பகுதி 4 டிகிரிக்கு வர வேண்டும். பனிக்கட்டி மிதக்கும் நீரில் ஒரு மணி நேரம் வைத்து, நீரை வடித்துவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடான கோழியை நேரே ஃப்ரிட்ஜில் வைத்தால் மெல்லத்தான் ஆறும், பக்கத்திலிருக்கும் பொருளும் சூடாகும்.

அன்றே சமைக்க ஆசைப்படாதீர்கள். உயிர் போன சில மணி நேரத்துக்குத் தசை விறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் சமைத்தால் ரப்பர் போல இருக்கும். விறைப்பு தளருமுன் ஃப்ரீசரில் போட்டாலும் பிறகு முரடாகவே இருக்கும். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் கிடக்கட்டும். காலை மடக்கிப் பார்த்தால் தளர்வாக மடங்க வேண்டும். சமைக்கும்போது தடிமனான இடத்தில் 74 டிகிரி வந்ததா என்று பாருங்கள். சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் என்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இரண்டும் அங்கே முடிந்துவிடும். வேலை செய்த பலகையைச் சோப்பில் கழுவிய பின், லிட்டருக்கு 4 மில்லி சலவை பிளீச் கலந்த நீரால் துடையுங்கள். இறகும் குடலும் நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்குத் தள்ளி மண்ணுக்குள் போகட்டும்.

ஆட்டை ஏன் வேண்டாம் என்கிறோம்? 30 கிலோ விலங்கு உயிருக்குப் போராடும்போது ஒரு ஆள் பிடிக்க முடியாது. பிடி தவறினால் கத்தி உங்கள் மேல் படும். தோல் உரிக்கையில் வெளிமயிர் கறியைத் தொட்டாலே அழுக்கும் வாடையும் ஏறும். உணவுக்குழலையும் மலக்குடலையும் கட்டாமல் வயிற்றைத் திறந்தால் அசைபோட்ட தீனி கறியில் கொட்டும். குளிரவைப்பதிலும் கோழிக்கு நேர்மாறான ஒரு சிக்கல் உண்டு: தசையில் அமிலம் ஊறி முடியும் முன் ஆட்டுக்கறியை அவசரமாகக் குளிர்வித்தால் தசை சுருங்கி இறுகிவிடும், எத்தனை விசில் வைத்தாலும் மென்மையாகாது. முதல் 10 மணி நேரம் 10 டிகிரிக்குக் கீழே போகவிடக் கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு. அதோடு பல நாடுகளில் ஆடு, மாடு, பன்றியை உரிமம் பெற்ற கூடத்துக்கு வெளியே அறுக்கச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. முன்னதாக விசாரித்துவிடுங்கள். திடீரென்று செத்துக் கிடக்கும் ஆடு மாடு, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் என்றால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த உடலில் கத்தியே வைக்காதீர்கள். கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டு உயிரோடிருக்கும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு எங்கள் யோசனை, கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள் என்பது. முதலில் முழுக்கோழி வாங்கி மூட்டு மூட்டாக வெட்டப் பழகுங்கள். எலும்பு எங்கே, இணைப்பு எங்கே என்று கைக்குத் தெரிந்த பிறகு, இறகு எடுத்துக் குடல் எடுக்காத கோழியை வாங்கி உறுப்புகளை நீங்களே எடுங்கள். மூன்று நான்கு முறை பித்தம் உடையாமல் எடுத்துவிட்டால், உயிர்க்கோழியிடம் போகலாம். அந்தக் காலையில் கழுத்து வெட்டு ஒன்றுதான் உங்களுக்குப் புதிதாக இருக்கும், முழுக் கவனமும் அதிலேயே நிற்கும்.

குடல் எடுக்காத கோழி வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவையுங்கள். பனிக்கட்டிப் பெட்டியோடு வாருங்கள், ஏனென்றால் வீட்டுக்குப் போன கையோடு அதைத் திறந்தாக வேண்டும். உங்கள் கத்தியையும் எடுத்துவந்தால் தீட்டித் தருகிறோம்.

அன்புடன்,
கறிக்கடையில் உங்களுக்கு வெட்டிக் கொடுக்கும் நாங்கள்