செந்நாய்களுக்காக ஊர் நாய்களைப் பிடித்து வந்தவர்களுக்கு நன்றி

மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம் மக்களுக்கு வணக்கம். நாய்களுக்கான தடுப்பூசி முகாம் ஒருவழியாக நல்லபடியாக முடிந்தது.

காட்டுச் செந்நாய்க்கு ஆபத்து என்றால் என் வீட்டு நாய்க்கு எதற்கு ஊசி என்று டீக்கடையில் கேட்ட அண்ணனுக்குத்தான் முதல் நன்றி, ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லத்தான் கூட்டமே சேர்ந்தது. வெறிநோயும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் ஊர் நாயிடமிருந்து காட்டுக்குள் போகக்கூடியவை. செந்நாய்கள் கூட்டமாகவே வேட்டையாடி, கூட்டமாகவே தின்று, குட்டிகளுக்கு வயிற்றிலிருந்து கக்கி ஊட்டுபவை, அதனால் ஒன்றுக்கு வந்தால் மற்றவற்றுக்கும் வர அதிக நேரம் ஆகாது. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் 2015இல் போட்ட மதிப்பீட்டின்படி, இனப்பெருக்கம் செய்யும் வயதில் இருக்கும் செந்நாய்கள் இந்தியாவிலிருந்து ஜாவா வரைக்கும் சேர்த்தே 949 முதல் 2,215 வரைதான். புலிக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசி இதற்குக் கிடைத்திருந்தால் நாம் இப்படி வீடு வீடாக அலைந்திருக்க வேண்டாம்!

விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு வந்து, கடி வாங்கியும் முகம் சுளிக்காத கால்நடை மருத்துவர்களே, எந்த நாய் யார் வீட்டுடையது என்று மனப்பாடமாகச் சொன்ன இருளர், குறும்பர் இளைஞர்களே, வேட்டைத் தடுப்புக் காவலர்களே, டிஸ்டெம்பர் ஊசி வாங்கக் காசு கொடுத்து, பேர் போட வேண்டாம் என்றவர்களே, எல்லோருக்கும் நன்றி.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒருபடி அதிகமாகவே. செந்நாய்களிடம் கன்றைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் செத்த உடலில் பூச்சிமருந்தைத் தூவிவிட்டால் ஒரு கூட்டமே ஒரே நாளில் போய்விடும். அதைச் செய்யாமல் எங்களுக்குத் தகவல் சொன்னீர்களே, அது சின்ன விஷயம் இல்லை. 1972க்கு முன்பு செந்நாயைக் கொன்றால் அரசே சன்மானம் கொடுத்த நாடு இது.

அப்புறம், காட்டுயிர் ஆய்வாளர், நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் ஐயா. 1970களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னால் நடந்து நடந்து அவர் பார்த்து எழுதியதுதான் இன்றைக்கும் நமக்குக் கைவிளக்கு. 2024இல் காலமாகிவிட்டார், இருந்தாலும் அவருக்கும் நன்றி சொல்லிவிடுகிறோம்.

சரி, ஊசி அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். குட்டி நாய்களுக்கு அடுத்த டோஸ் பாக்கி இருக்கிறது, தேதியை மருத்துவர் அட்டையிலேயே எழுதியிருக்கிறார்.