உள்ளிருந்து திறக்காத வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், காரணம் மின்கசிவா, எரிவாயுக் கசிவா, அணைக்காமல் விட்ட விளக்கா என்பதைப் பற்றியே பேச்சு நடக்கிறது. உள்ளே இருந்தவர்களால் ஏன் வெளியேற முடியவில்லை என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. அதை ஒவ்வொரு குடும்பமும் தீப்பிடிக்கும் முன்பே தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருட்டுக்கு அஞ்சி ஜன்னலுக்கு இரும்புக் கம்பியும் வாசலுக்குக் கிரில் கதவும் போட்டு, இரவில் உட்புறமாகப் பூட்டிச் சாவியை எங்கோ வைத்துவிட்டு உறங்குகிறோம். பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் நள்ளிரவில் மின்சாரம் நின்று, கண் எரியும் புகைக்கு நடுவே, கொத்துச் சாவியில் எது இந்தப் பூட்டுக்கு உரியது என்று தடவிப் பார்ப்பதற்கு நேரம் இருக்காது. நுரை மெத்தைகளும் பிளாஸ்டிக் பொருட்களும் நிறைந்த இன்றைய அறையில் தீ மூண்டால், 5 நிமிடங்களுக்குள்ளாகவே அறை முழுவதும் பற்றிக்கொள்ளக்கூடும். அதற்கும் முன்பே கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு ஆகிய நச்சு வாயுக்கள் கலந்த புகை ஆளை மயக்கிவிடுகிறது. தீ விபத்துகளில் தீக்காயத்தைவிடப் புகையே அதிக உயிர்களைப் பறிக்கிறது. உறங்குபவரைப் புகையின் வாடை எழுப்பிவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஆகவே படுக்கையறைகளிலும் அவற்றுக்கு வெளியிலும் ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தி, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதித்து, 10 ஆண்டுகளில் கருவியையே மாற்றிவிட வேண்டும்.

ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழிகள் இருக்க வேண்டும். இரண்டாவது வழி பெரும்பாலும் ஜன்னல்தான் என்பதால், அறைக்கு ஒரு ஜன்னலிலாவது சாவியின்றி உள்ளிருந்து திறக்கும் கம்பிக்கதவு அவசியம். அப்படி ஒன்றை வைத்துவிட்டு, அதன் கீல் துருப்பிடித்தும், தாழ்ப்பாள் மேல் பெயிண்ட் இறுகியும் அசையாமல் கிடந்தால் பயனில்லை; அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும், வீட்டுப் பிள்ளைகளையும் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். மின் ஸ்கூட்டரையோ அதன் பேட்டரியையோ வாசலை ஒட்டி வைத்து இரவெல்லாம் சார்ஜ் செய்யும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அது தீப்பற்றினால் முதலில் அடைபடுவது வெளியேறும் வழிதான்.

இவற்றைக் குடும்பத்தார் கூடிப் பேசி, ஆண்டுக்கு இருமுறையாவது, அதில் ஒன்றை இரவில், ஒத்திகை பார்ப்பது நல்லது. முதியவரை யார் அழைத்து வருவது, கைக்குழந்தையை யார் தூக்குவது, வெளியே எந்த இடத்தில் ஒன்றுகூடுவது என்பவற்றை முன்பே முடிவு செய்துவிட வேண்டும். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டு, சூடாக இருந்தால் திறக்காமல் வேறு வழியை நாட வேண்டும். புகையில் தவழ்ந்தே செல்ல வேண்டும். வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வந்தால் தீ பரவுவது தாமதமாகும். அடுக்குமாடியில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால், அறைக்குள் கதவை மூடி, இடுக்குகளில் ஈரத்துணியை அடைத்து, ஜன்னல் வழியே உதவி கேட்க வேண்டும். வெளியே வந்தபின் நகைக்காகவோ ஆவணங்களுக்காகவோ, ஏன், உள்ளே ஒருவர் சிக்கியிருந்தாலும்கூட, திரும்ப நுழையாமல் அந்த விவரத்தைத் தீயணைப்பு வீரர்களிடம் உடனே சொல்ல வேண்டும். இதைச் சொல்வது எளிது, செய்வது மிகக் கடினம் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன்.

இனி தீ விபத்துச் செய்திகளை வெளியிடும்போது, அந்த வீட்டின் கதவும் ஜன்னலும் உள்ளிருந்து திறக்கும்படி இருந்தனவா, புகைக் கருவி இருந்ததா என்பதையும் விசாரித்து எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஜன்னலுக்குக் கம்பி அடிக்கும் பட்டறைக்காரர்களும், திறக்கும் வகையில் ஒன்று வேண்டுமா என்று வீட்டுக்காரரிடம் தாங்களாகவே கேட்க முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்